படித்துப் பார்த்தேன், சரி

ஒரு விடுகதை போடட்டுமா அண்ணாச்சி? தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். கதவு பூட்டியிருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கும். அப்படியும் நூறு பேர் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். ஒருத்தருக்கும் முகம் கிடையாது, கை கால் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அவர்கள் வந்தது வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது என்ன?

யோசிக்கவே வேண்டாம். விடை உங்கள் மடியில்தான் இருக்கிறது. ஹெட்போன்.

யாருக்கு, மகளுக்கா? பிறந்த நாளா. கொடுங்கள், கொடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விடுகதையும் என்னுடையது இல்லை. என் மகள் கோமதி எனக்குப் போட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அன்றைக்கு நான் ரேடியோ என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "ரேடியோல நாம பேசுறது அவங்களுக்குக் கேக்காதுல்லாப்பா. இதுல கேக்கும்" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பெயர் பால்வண்ணன். சங்கரன்கோவிலில் வக்கீல் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வக்கீலிடம். மனு எழுதுவது, வாய்தா தேதி குறிப்பது, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது எல்லாம் நான்தான். மனைவி வடிவு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தச் சமயத்தில் அவளுக்கு மதிய ஷிப்ட், வீடு வர ஒன்பது ஆகிவிடும். சாயங்காலம் வீட்டில் நானும் பிள்ளையும்தான். அவள் ஒரு மூலையில் போனில் விளையாடுவாள். நான் இன்னொரு மூலையில் கட்சிக்காரர்களோடு பேசுவேன். நிறையப் பேர் வீட்டுக்கே வருவார்கள், வழி கேட்டு போன் வந்தபடி இருக்கும். "பெட்ரோல் பங்குக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு, பச்சை கேட்டு" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

விளையாட்டு, ஆளைச் சுடுகிற விளையாட்டு. நாலு பேர் ஒரு அணி. முன்பின் தெரியாதவர்களோடும் சேர்ந்து ஆடலாம். பேசிக்கொண்டே ஆட வேண்டும், அங்கே ஒருத்தன் ஒளிந்திருக்கிறான், இங்கே ஒருத்தன் வருகிறான் என்று. கோமதி நன்றாக ஆடுவாள் என்று அவள் சித்தப்பா, வடிவின் தங்கை வீட்டுக்காரர், சொல்வார். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு அமைதியாக இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன்.

ஒரு நாள் அந்த ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சத்தம் போனிலிருந்தே வெளியே வந்தது. ஆம்பளைக் குரல். என் மகளைச் சொன்னான் அண்ணாச்சி. என்ன சொன்னான் என்று பஸ்ஸில் வைத்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை. அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே, "பச்சை கேட்டு பாப்பா, உன் வீடு எங்கன்னு தெரியும். வரட்டுமா?" என்றான்.

பேனாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு எழுந்தேன். எங்கோ இருக்கிறவனுக்கு எங்கள் வீட்டுக் கேட் பச்சை என்று எப்படித் தெரியும்? வந்து பார்த்திருக்கிறான். அதைத் தவிர வேறு எப்படித் தெரிய முடியும்? உடனே போய் கேட்டைப் பூட்டினேன். திரும்பி வந்து, பூட்டினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

"ஏளா கோமு, யார் அவன்?"

"தெரியாதுப்பா. பேரு வேட்டையன்னு போட்டிருப்பான்."

"என்னென்னமோ பேசிட்டானே."

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா பேசுவாங்க. பொம்பளப் பிள்ளன்னு தெரிஞ்சா இன்னும் பேசுவாங்க. நான் ம்யூட் பண்ணிருவேன். முத எழுத்து வரும்போதே அமுக்கிருவேன். அவன் பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருப்பான், எனக்குக் கேக்காது."

"முழுசாக் கேட்டதே இல்லையா?"

"இல்ல. இப்பதான் கேட்டேன்."

இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். வேறு அப்பனாக இருந்தால் போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்திருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேஸ். பழக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, முத்துப்பேச்சி என்று பெயர். பக்கத்துக் கடைக்காரன் நடுத்தெருவில் வைத்து அவளை அசிங்கமாகத் திட்டிவிட்டான். ஊரே கேட்டது. மனு எழுதியது நான். அந்த வார்த்தைகளை எழுதக் கை கூசி, 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதிவிட்டேன். கோர்ட்டில் எதிர் வக்கீல் எழுந்து, என்ன வார்த்தை, மனுவில் இல்லையே என்றார். அவ்வளவுதான். கேஸ் நிற்கவில்லை. அவன் என் முன்னாலேயே சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். முத்துப்பேச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் அண்ணாச்சி. என்ன வார்த்தையோ அந்த வார்த்தை, சொன்னது சொன்னபடி எழுத்தில் இருக்க வேண்டும்.

அதனால் மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். கோமதியிடம் சொன்னேன்: "இனிமே அவனை அமுக்காத. பேச விடு. ஹெட்போன் வேண்டாம், சத்தமா வை. நான் எழுதிக்கிடுதேன்."

"எதுக்குப்பா? அமுக்கிட்டா கேக்காதுல்லா."

"உனக்குக் கேக்காது. அவன் பேசினது பேசினதுதானே? கேஸ் நிக்கணும்னா ஆதாரம் வேணும்."

சரி என்று தலையாட்டினாள். நல்ல பிள்ளை. சொன்னால் கேட்பாள்.

தினம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் போன். அவனைத் தேடிப் பிடித்து அவன் அணியில் சேர்ந்துகொள்ள வேண்டும். அவன் ஆரம்பிப்பான். நான் தேதி, மணி, அவன் சொன்னது என்று வரிசையாக எழுதுவேன். சில சமயம் வேகமாகச் சொல்லிவிடுவான், அல்லது நடுவில் துப்பாக்கிச் சத்தம் வந்துவிடும். அப்போது நான் மெதுவாகச் சொல்வேன்: "சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லச் சொல்லு."

அவளும் கேட்பாள். "அண்ணா, கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

முதல் நாள் அவனே, "என்னது?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். இன்னொரு தடவை சொன்னான். முன்னைவிட நிறுத்தி, தெளிவாக. எனக்கு எழுத வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் புதிதாக இரண்டு குரல்கள் கேட்டன. இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது, திட்டினால் திரும்பச் சொல்லச் சொல்கிறது என்று அவர்களுக்குள் பேச்சுப் பரவியிருக்கிறது. அவளுக்கு ரிப்பீட்டு என்று பெயர் வைத்தார்கள். "டேய் ரிப்பீட்டு வந்துட்டாடா, ஆரம்பி" என்பார்கள். நான் ஒவ்வொருத்தனுக்கும், கேஸ் கட்டில் எழுதுவது மாதிரி, எதிரி ஒன்று, எதிரி இரண்டு என்று நம்பர் போட்டேன். ஆள் கூடக் கூட கேஸ் பலமாகும்.

கடைசியில் ஒரு சின்ன வேலை உண்டு. சாட்சி சொன்னதை எழுதி முடித்தால் அவரிடமே காட்டி, சரிதானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவோம். இல்லாவிட்டால் நாளைக்கு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதே முறைதான். அன்றன்றைக்கு ஆறரை மணிக்கு நோட்டைக் கோமதி பக்கம் திருப்புவேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். அடியில் 'படித்துப் பார்த்தேன், சரி' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாள். குண்டு குண்டாக அழகான எழுத்து அவளுக்கு. ஒரு நாள் மட்டும், "கண்ணை மூடிக்கிட்டுப் போடட்டுமாப்பா?" என்று கேட்டாள். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, அது தப்பு என்று விளக்கினேன். பிறகு கேட்கவில்லை.

நோட்டை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவேன். வடிவிடம் சொல்லவில்லை. ஒரு பெண் படிக்கிற விஷயமா அண்ணாச்சி அது?

பயம் மட்டும் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே வந்தது. சந்துக்குள் பைக் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கேட்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். பெயிண்ட் வாங்கி கேட்டை நீலமாக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கட்சிக்காரர்களுக்கு வழி குழம்பிவிடுமே என்று விட்டுவிட்டேன். காலையில் பிள்ளையை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். வழியில் வெளி மாவட்ட நம்பர் உள்ள வண்டி எது நின்றாலும் நம்பரைக் குறித்துக்கொள்வேன்.

பிள்ளையும் பயந்துதான் இருந்தாள். சாப்பாடு குறைந்துவிட்டது. ஐந்து மணி ஆனால் போதும், பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், நான் போய்த் தட்ட வேண்டியிருக்கும். வடிவு கேட்டாள், "ஏங்க, பிள்ள வாயவே தொறக்க மாட்டேங்கா. என்னன்னு பாத்தீங்களா?"

"பரிச்சை வருதுல்லா" என்றேன். பாவம், அந்த வேட்டையன் பிள்ளையை அந்தப் பாடு படுத்திவிட்டான்.

பதினோராம் நாள். நோட்டு முப்பது பக்கம் தாண்டிவிட்டது. அன்றைக்கு அவன் விளையாட்டு முடிகிற நேரத்தில், "ரிப்பீட்டு, நாளைக்கு ஸ்கூல் விடும்போது வாசல்ல நிப்பேன். பச்சை கேட்டு வரைக்கும் கூட வாரேன்" என்றான். மற்றவர்கள் விசில் அடித்தார்கள். கோமதி என்னைப் பார்த்தாள். திரும்பச் சொல்லச் சொல்லவா என்று கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்றேன். அது எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

மறுநாள் கோர்ட்டுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மூன்றரை மணிக்கே பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டேன். நோட்டு என் பையில் இருந்தது. கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஒளிந்தேன் என்று சொல்ல மாட்டேன், வெயிலுக்காக நின்றேன். ஆட்டோக்காரர்கள், அம்மாக்கள், சைக்கிளில் வந்த தாத்தா ஒருவர். ஒவ்வொரு ஆளையும் பார்த்தேன். எல்லாரும் அவன் மாதிரியே இருந்தார்கள். ஜூஸ்காரர் என்னைப் பார்த்து, "சார், உடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

நாலே கால் மணிக்குப் பெல் அடித்தது. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கோமதி படியில் தெரிந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைக் கேட்டான்: "நீங்க பச்சை கேட்டு வீடுதான?"

அண்ணாச்சி, அடிக்க எனக்குக் கை வரவில்லை. நான் யாரையும் அடித்தது கிடையாது. ஓடவும் கால் வரவில்லை. வாய் மட்டும்தான் வந்தது. திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து வந்தது. பதினொரு நாள் கேட்டு, எழுதி, சரிபார்த்ததெல்லாம் வரிசை மாறாமல் வந்தது. வேட்டையன் என்னென்ன சொன்னானோ, எதிரி இரண்டு சொன்னது, எதிரி மூன்று சொன்னது, அத்தனையையும் அந்த வாசலில் நின்று நான் சொன்னேன். சாதாரணமாகவே எனக்குக் கொஞ்சம் கணீரென்ற குரல். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு டீச்சர் ஓடிவந்து சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரின் காதைப் பொத்தினார்.

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஆரோக்கியசாமி என்று பெயர். மோட்டார் காயில் கட்டுகிறவர். நிலப் பட்டா விஷயமாகப் போன வாரம் எனக்கு போன் செய்து வழி கேட்டு வீட்டுக்கு வந்துபோனவர். அவருடைய மகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாளாம், கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கோமதி படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, ஓடவில்லை. ஆறரை மணிக்கு நோட்டைப் படிக்கும்போது எப்படித் தலையைக் குனிந்திருப்பாளோ அப்படி நின்றாள். நான் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வடிவுக்கு போன் போய்விட்டது. யூனிபார்மோடு ஆட்டோவில் வந்தாள். தலைமையாசிரியை அறையில் வைத்து, நான் என் பக்கத்து நியாயத்தைச் சொல்வதற்காக நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். வடிவு அதை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடவில்லை. கடைசியில் மகளுடைய கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நீதான் போட்டியா?" என்று கேட்டாள். "அப்பா படிச்சிட்டுப் போடச் சொன்னாங்க" என்றாள் கோமதி.

மறுநாள் பிள்ளையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு, சைபர் கிரைம் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

அங்கே ஒரு லேடி சப்-இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சார், அவன் பேரும் ஐடியும் போதுமே. போன்லயே ரெக்கார்ட் பண்ண வசதி இருக்கு, ஒரு தடவை பண்ணியிருந்தாப் போதும். பதினோரு நாள் எதுக்கு?" என்றார்.

"ஒரு வார்த்தைகூட விடக் கூடாதுன்னுதான் மேடம்" என்றேன்.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்ட பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கியிருக்கீங்க."

"ஒரு பக்கம் விடல மேடம்" என்றேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டார்.

பிள்ளையிடம் கேட்டார், உங்கள் வீடு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று. அதற்குக் கோமதி, "எங்கப்பா போன்ல எல்லாருக்கும் வழி சொல்லுவாங்க. மைக்குல கேட்டிருக்கும்" என்கிறாள். பிள்ளை பயத்தில் என்னவோ சொல்லிவிட்டது. நான் போனில் மெதுவாகத்தான் பேசுவேன் அண்ணாச்சி. அது கிடக்கட்டும், முன் சீட்டுக்காரர் ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறார்?

ஒரு வாரத்தில் அந்த வேட்டையனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வட மாவட்டத்தில் ப்ளஸ் டூ படிக்கிற பையன். அவன் சங்கரன்கோவில் பக்கம் வந்ததே இல்லையாம். காதில் விழுந்ததை வைத்துச் சும்மா பயமுறுத்தியிருக்கிறான். அப்பா அம்மாவோடு கூப்பிட்டு விசாரித்தார்கள், மேல் நடவடிக்கை நடக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை. அவன் ஒருத்தன்தானே. மீதித் தொண்ணூற்றொன்பது பேர் எங்கே இருக்கிறார்கள்? யாருக்குத் தெரியும்?

வடிவு புகார் கொடுத்த அன்றைக்கே பிள்ளையோடு தென்காசியில் தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டாள். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்து போகிறாள். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. காலாண்டு லீவு முடியும் மட்டும் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்காகத்தான் இன்றைக்குப் போனேன், கூட்டிக்கொண்டு வரலாம் என்று.

போய்ப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். அதே விளையாட்டு. ஹெட்போன் போட்டுக்கொண்டு. எனக்குத் திக்கென்றது. சித்தப்பா சொன்னார், "நல்லாச் சாப்பிடுதா அண்ணே. நல்லாச் சிரிக்கா. எவனாவது பேசினா டக்குனு அமுக்கிடுதா, பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

வடிவு என்னிடம் இரண்டே வார்த்தை சொன்னாள்: "அவகிட்டயே கேளுங்க."

கேட்டேன். பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்தேன். "ஏளா, வீட்டுக்கு வா. அங்க இந்தப் போன் கிடையாது, விளையாட்டுக் கிடையாது, ஒருத்தனும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இங்க இருந்தா போன் இருக்கும், அந்த நூறு பேரும் இருப்பாங்க, திட்டுவாங்க, பயமுறுத்துவாங்க. எது வேணும், நீயே சொல்லு."

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வீட்டுல சாயங்காலம் நீங்க இருப்பீங்களாப்பா?"

"இருப்பேன்ளா. இனிமே அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவேன். உன் பக்கத்துலயே இருப்பேன்" என்றேன்.

அப்படியானால் சித்தி வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.